கச்சான் காற்றில் ஊசியிலை: இராமநாதபுரம் கரையில் பைன் மரம் வளருமா?

வீட்டைச் சுற்றி ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மரம் ஒன்று நிற்க வேண்டும் என்று தேடத் தொடங்குகிறவர், இன்றைக்கு இணையத்தில் எங்கே தொடங்கினாலும் விரைவில் பைன் மரத்தில் வந்து நிற்பார். உங்கள் மண்ணுக்கு உரிய பைன் இனம் எதுவோ அதையே நடுங்கள், அது தானாக வளரும், காற்றைத் தடுக்கும், பறவைக்கு இடம் கொடுக்கும், பெரிய பராமரிப்பு கேட்காது என்பதுதான் அந்த அறிவுரையின் சாரம். அறிவுரை பிழையானதன்று. ஆனால் அது எழுதப்பட்ட நிலத்தில் பைன் என்பதும் அந்த மண்ணுக்குரியது என்பதும் ஒரே மரத்தைக் குறிக்கும் சொற்களாக இருக்கின்றன. மண்டபத்திலோ கீழக்கரையிலோ வாலிநோக்கத்திலோ புது வீடு கட்டிவிட்டு அதே அறிவுரையைப் படிக்கிறவருக்கு அவ்விரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஒன்றை விட்டால்தான் மற்றொன்றைப் பிடிக்க முடியும். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பதைக் காரணங்களோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பைன் என்ற சொல்லை நாம் தளர்வாகவே பயன்படுத்துகிறோம். இலை ஊசிபோல இருந்து, மரம் கூம்பாக நிமிர்ந்தால் போதும், அதைப் பைன் என்றோ கிறிஸ்துமஸ் மரம் என்றோ அழைத்துவிடுகிறோம். தாவரவியலில் பைன் என்பது பைனஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை மட்டுமே குறிக்கும். அவற்றின் ஊசிகள் தனித்தனியாக முளைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் அடியில் ஒரு சிறு உறையால் கட்டப்பட்ட கொத்துகளாக வரும். விதை பழத்துக்குள் இராது. மரத்தகடுகள் அடுக்கிய கூம்பின் செதில்களுக்கிடையே திறந்தபடி இருக்கும். தண்டைக் கீறினால் பிசின் வடியும். டர்பன்டைன் அந்தப் பிசினிலிருந்து வடிப்பதுதான். பைன்கள் ஏறக்குறைய முழுமையாக வட அரைக்கோளத்து மரங்கள். சுமத்திராத் தீவில் வளரும் ஒரே ஓர் இனம் மட்டும் இயற்கையாகவே நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே சிறிது தூரம் இறங்கியிருக்கிறது.

பசுமை மாறாத மரம் என்பதையும் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். இலையே உதிராத மரம் உலகில் இல்லை. எல்லா இலைகளும் ஒரே பருவத்தில் கொட்டிவிடாமல், பழையது உதிரும்போது புதியது ஏற்கெனவே கிளையில் இருக்குமாறு பார்த்துக்கொள்கிற மரத்தையே பசுமை மாறா மரம் என்கிறோம். பைனில் ஓர் ஊசி பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்கிறது. உதிர்ந்த ஊசி எளிதில் மட்காமல் பிசினோடு காய்ந்து தரையில் கிடக்கிறது. உத்தரகண்டில் கோடைதோறும் மலைச்சரிவுகள் தீப்பற்றுவதற்கு அங்குள்ள சிர் பைனின் காய்ந்த ஊசிப் படுகை ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவுக்கு உரிய பைன்கள் உண்டு. அவை எல்லாம் வடக்கிலும் வடகிழக்கிலும் மலைகளில் இருக்கின்றன. இமயத்தின் தாழ்ந்த சரிவுகளில், ஏறத்தாழ 500 மீட்டர் முதல் 2,000 மீட்டர் உயரம் வரை, மூன்று ஊசிக் கொத்துடைய சிர் பைன். அதற்கும் மேலே ஐந்து ஊசிக் கொத்துடைய நீலப் பைன். இமாச்சலத்தின் கின்னோர்ப் பகுதியில், பருப்பு உண்ணப்படுகிற சில்கோசாப் பைன். மேகாலயம், மணிப்பூர் மலைகளில் காசிப் பைன். விந்தியத்துக்குத் தெற்கே தானாக வளர்ந்த பைன் ஒன்றுகூட இல்லை. கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு மனிதர் நட்டது. அங்கே அதிகம் நிற்கும் இனத்தின் சொந்த ஊர் மெக்சிகோ. பழனி மலையின் மேல்பகுதியில் இருந்த இயற்கைப் புல்வெளிகளின் பெரும்பகுதியைப் பைனும் யூகலிப்டசும் வாட்டில் என்ற அயல்நாட்டு மரமும் விழுங்கிவிட்டன என்பதையும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது நினைவில் கொள்வது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் பைனும் அடங்கிய கூம்புதாங்கி என்ற பெரிய மரக் குழுவைச் சேர்ந்த நாகியா என்ற உறவுமரம் ஒன்று இயற்கையாக உண்டு. தென்னிந்தியாவுக்கு உரிய ஒரே கூம்புதாங்கி அதுதான். அதன் இலையோ ஊசியாக இல்லாமல் அகலமாக இருக்கும்.

ஒருகாலத்தில் நிலைமை வேறாக இருந்தது என்பதற்குப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் சான்று. பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முன்பு, சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலோரத்தில் நின்ற ஒரு கூம்புதாங்கி மரத்தின் அடிமரம் அது. நீளம் 18 மீட்டர். ஆகவே கூம்புதாங்கிக்கும் சோழமண்டலக் கரைக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த உறவு முறிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

மண்ணுக்குரிய பைனை நடு என்ற அறிவுரை அதன் சொந்த இடத்தில் எவ்வளவு நுட்பமானது என்பதைப் பார்த்தால்தான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது எது என்று தெரியும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வீட்டுத் தோட்டங்களில் பரவலாக நடப்படுவது ஐந்து ஊசிக் கொத்துடைய வெள்ளைப் பைன். உள்நாட்டின் அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண்ணில் அது அருமையாக வளரும். அதையே கடலோரத்திலோ, பனி உருக உப்புத் தூவும் நெடுஞ்சாலை ஓரத்திலோ நட்டால் ஊசிகள் கருகிவிடும். ஒரே நாடு, ஒரே மரம் என்றாலும் சில மைல் தள்ளினால் அது அந்நியமாகிவிடுகிறது. நாட்டின் எல்லைக்கோடு மரத்துக்குத் தெரியாது; அதற்குத் தெரிந்ததெல்லாம் மண், நீர், காற்று, குளிர் ஆகிய நான்கே.

ஜப்பானின் கரும்பைன் நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, ஏனென்றால் அது கடற்கரை மரம். உப்புக் காற்றைத் தாங்குவதால் அங்கே பல நூற்றாண்டுகளாக மணற்கரைகளில் காற்றுத்தடுப்பாக அதை நட்டுவந்திருக்கிறார்கள். ரிகுசென்தகாதா என்ற ஊரின் கரையில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து நட்டு வளர்த்த தோப்பில் சுமார் 70,000 பைன்கள் நின்றன. 2011 மார்ச் 11 அன்று வந்த ஆழிப்பேரலை அத்தோப்பை அடித்துச் சென்றது. ஒரே ஒரு மரம் மட்டும் நின்றது. அந்த ஒன்றைக் காப்பாற்றப் பெருமுயற்சி எடுத்தும், வேரைச் சூழ்ந்த கடல்நீரின் உப்பினால் அது 2012இல் பட்டுப்போனது. இலைமேல் படும் உப்பைத் தாங்குவதும் வேரில் தேங்கும் உப்பைத் தாங்குவதும் இருவேறு திறன்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்கும்.

இப்போது நம் கரைக்கு வருவோம். இராமநாதபுரம் கடலோரத்தில் பைன் ஏன் வேர்கொள்ளாது என்பதற்கு வெயில்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. கரீபியக் கடலோரத்தில், நம்மைப் போன்றே வெப்பமான தாழ்நிலத்தில், இயற்கையாக வளரும் பைன் இனம் ஒன்று இருக்கிறது. வெயிலைவிடப் பெரிய தடைகள் மூன்று: மண்ணிலுள்ள சுண்ணாம்பு, மழை பெய்யும் முறை, வேரோடு வாழ வேண்டிய துணை.

மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பகுதியில் மணலைத் தோண்டினால் சிப்பித் தூளும் பவளக் கல்லும் வரும். அந்த மணலே ஒரு பகுதி சுண்ணாம்பு. பெரும்பாலான பைன்களுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதைக் கரைத்து எடுக்க முடியாமல் போகிறது. ஊசிகள் மஞ்சளித்து, வளர்ச்சி நின்று, இரண்டு மூன்று ஆண்டுகளில் செடி வீணாகிறது. குழிக்குச் செம்மண் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். தொட்டிக்கு அது பொருந்தும். இருபது அடிக்கு வேர் ஓட வேண்டிய மரத்துக்கு இரண்டடிக் குழியின் செம்மண் எத்தனை நாளைக்கு?

மழைக் கணக்கும் ஒத்துவரவில்லை. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. மீதி ஆண்டின் பெரும்பகுதி வறட்சி. கரீபியப் பைன் வாழும் நிலத்தில் மழை இதைவிட மிக அதிகம். குறைந்த மழையையும் சுண்ணாம்பு மண்ணையும் ஒருங்கே தாங்குவது மத்தியதரைக் கடலோரத்தின் அலெப்போப் பைன். அதன் ஊரிலும் மழை குளிர்காலத்தில்தான் பெய்கிறது. காகிதத்தில் பார்த்தால் நமக்கு மிக அருகில் வருவது அதுவே. ஆனால் அதன் ஆண்டுச் சுழற்சியில் குளிர்ந்த மாதங்களுக்கு இடம் உண்டு. பாம்பனில் தை மாத இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒருவேளை பிழைத்துப் பெருகினாலும் மகிழ்ச்சிக்குரிய செய்தியாக அது இராது: தென்னாப்பிரிக்காவில் நட்ட அலெப்போப் பைன் தோட்டத்தைத் தாண்டிப் பரவி, அங்கே அகற்றப்பட வேண்டிய மரங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது.

மூன்றாவது தடை கண்ணுக்குத் தெரியாதது. பைன் மரத்தின் நுண்வேர்களைச் சில பூஞ்சைகள் உறைபோலச் சூழ்ந்து, மண்ணிலிருந்து நீரையும் மணிச்சத்தையும் எடுத்துக் கொடுத்து, பதிலுக்கு மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. இந்தத் துணை இல்லாத மண்ணில் பைன் நாற்று தேறாது. தென் அரைக்கோள நாடுகளில் பைன் தோட்டம் போட முயன்றவர்கள் தொடக்கத்தில் தோற்றதற்கு இதுவே காரணம். பழைய பைன் காட்டின் மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து கலந்த பிறகே நாற்றுகள் எழுந்தன. மண்ணுக்குரிய மரத்தை நடு என்று சொல்லும்போது உண்மையில் சொல்லப்படுவது இதுதான்: அதன் துணைவர்கள் ஏற்கெனவே காத்திருக்கும் இடத்தில் நடு.

ஆக, உண்மையான பைன் இங்கே இல்லை. ஆனால் பைன் என்று சொல்லப்படும் இரண்டு மரங்கள் நம் ஊர்களில் உண்டு.

ஒன்று, நாற்றுப்பண்ணைகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படுவது. தட்டுத் தட்டாகக் கிளைவிட்டு, கோபுரம்போல நிமிரும் இது அராக்கேரியா. பசிபிக் கடலின் தீவுகளிலிருந்து வந்தது. பைனுக்குத் தூரத்து உறவு மட்டுமே. தீவுக்கரை மரம் என்பதால் உப்புக் காற்றை ஓரளவு தாங்கும். எனவே உண்மையான பைனைவிட இது இங்கே பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம். அழகுக்காக ஒன்று வேண்டும் என்பவர் பெரிய தொட்டியில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து வைத்துக்கொள்ளலாம். தரையில் வைத்தால் மின்கம்பிக்கும் மாடிக்கும் மேலே தனியாகப் போய் நிற்கும் என்பதை வைக்கும்போதே யோசிக்க வேண்டும். நிழலும் இல்லை, கனியும் இல்லை; பார்ப்பதற்கு ஒரு மரம், அவ்வளவுதான்.

மற்றொன்று சவுக்கு. அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பினுள் நின்று கண்ணை மூடினால், பைன் காட்டில் காற்று எழுப்பும் அதே இரைச்சலைக் கேட்கலாம். தோற்றமும் அப்படியே. ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம். பைனோடு எந்த உறவும் அதற்கு இல்லை. அதன் ஊசியைக் கையில் எடுத்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். கழற்றியதை மறுபடி பொருத்தி, எந்தக் கணுவில் பிரித்தேன் சொல் என்று பிள்ளைகள் விளையாடுவது அந்தக் கணுக்களை வைத்துத்தான். நாம் இலை என்று நினைப்பது உண்மையில் பச்சை நிறச் சிறுகிளை. ஒவ்வொரு கணுவிலும் ஆறு முதல் எட்டு வரை நுண்ணிய பற்கள்போல ஒட்டியிருப்பவையே இலைகள். இலையை இவ்வளவு சுருக்கிக்கொண்டதனால்தான் உப்புக் காற்றில் அது நீரை இழக்காமல் நிற்கிறது. வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சுகளிட்டு வாழ்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் அது வளர்கிறது.

சவுக்கும் நம் கரைக்குப் பழையதன்று. தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் அதன் பிறப்பிடம். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும் இயற்கையாக உண்டு. இந்தியப் பெருநிலத்தில் 1868இல் கார்வாரில் நடப்பட்டது தொடக்கம் என்பர். பிறகு இரயில் எஞ்சினுக்கு விறகாகவும், கட்டுமானத்துக்குச் சாரக்கட்டைகளாகவும், அண்மைக் காலத்தில் காகித ஆலைக்கு மூலப்பொருளாகவும் தமிழகக் கரை நெடுகப் பரவியது. விரைந்து வளரும், நான்கைந்து ஆண்டுகளில் வெட்டலாம். காற்றுத்தடுப்பாகவும் பயன்படுகிறது. நான் சவுக்குக்கு எதிரியல்லன். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். உதிர்ந்த ஊசிகள் தடித்த மெத்தையாகப் படிந்து, அடியில் வேறு செடி எழும்ப விடுவதில்லை. நெருக்கி நட்டு நேராக வளர்த்த மரம் தனியாக நிற்கும்போது புயலில் சாய்கிறது. மணல்மேட்டைத் தட்டையாக்கிச் சவுக்கு நடும் வழக்கமோ, மேடு தானே செய்துவந்த காவலை இல்லாமல் செய்துவிடுகிறது.

இந்த இடத்தில் நம் மொழி செய்திருக்கும் ஒரு பிரிவினையைக் கவனிக்கலாம். நாட்டுக் கருவேலம், சீமைக்கருவேலம் என்று நாம் பிரித்துச் சொல்கிறோம். எது மண்ணுடையது, எது கப்பலில் வந்தது என்பதைத் தாவரவியலாளரைக் கேட்காமலேயே பெயரில் எழுதிவைத்த ஊர்கள் இவை. சவுக்குக்கு மட்டும் அந்தச் சீமைப் பட்டம் ஏனோ கிடைக்கவில்லை. சீமைக்கருவேலத்தை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் மரம் எது என்று கேட்டால் நேர்மையான பதில் அதுதான். கண்மாய்க்குள், வரத்துக்கால்களில், தரிசில் என்று எங்கும் கோடையிலும் பச்சை. கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் அதனால் பிழைப்பதும் உண்மை. கண்மாயை அது அடைத்துக்கொண்டதும் உண்மை. பசுமை மாறாமை என்பது தன்னளவில் ஒரு நற்குணம் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பைனை விட்டுவிட்டு மண்ணுக்குரியதைப் பிடிப்பது என்று முடிவெடுத்தால், கையில் வந்து நிற்பது புன்னை. பைனிடம் மக்கள் எதிர்பார்க்கும் எல்லாவற்றையும் அது தரும், ஊசி வடிவத்தைத் தவிர. தடித்து மின்னும் கரும்பச்சை இலை; நடுநரம்பிலிருந்து நெருக்கமாக இணைகோடுகளாக ஓடும் நுண்நரம்புகள். அந்தத் தோல் போன்ற இலைமேல் உப்புத் திவலை படிந்தாலும் எளிதில் கருகுவதில்லை. மணலில் வளரும், சுண்ணாம்பைப் பொறுக்கும், வறட்சியில் நிற்கும். வெள்ளைப் பூவும் நடுவில் பொன்னிற மகரந்தமுமாகப் பூக்கும்போது தோட்டம் முழுவதும் மணக்கும். கொட்டையின் பருப்பிலிருந்து ஆட்டிய எண்ணெய் விளக்கெரித்தது. மரம் படகு கட்டுவதற்கு உதவியது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் என்றவுடனே புன்னை வந்துவிடும். சிறுவயதில் விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்துபோன புன்னைக் கொட்டை முளைத்துவிட, பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்து, அந்த மரத்தை உனக்குத் தங்கை என்று தாய் சொன்னதாக, அதன் நிழலில் காதலனோடு பேச நாணும் ஒரு பெண்ணைப் பற்றிய பாடல் உண்டு. பாடலின் அழகு ஒருபுறம் இருக்க, அதில் நாற்றுத் தொழில்நுட்பமும் ஒளிந்திருக்கிறது: புன்னைக்கு வெண்மணலே நாற்றங்கால்.

புன்னை மட்டும் போதும் என்று சொல்லவில்லை. உவர் மிகுந்து புன்னையும் தயங்கும் தரையில் உகா மரம் நிற்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி இந்த இனத்திலிருந்து வருவதே; சிறிய மரம், பசுமை மாறாது, கிளைகள் தாழ்ந்து தரைவரை வருவதால் நல்ல மறைப்பாகும். அவசரக்காரர்களுக்குப் பூவரசு: மழைக்காலத்தில் கையளவு பருமனான போத்தை வெட்டி நட்டாலே துளிர்க்கும். கடலிலிருந்து உள்ளே தள்ளிய செம்மணற் பகுதிகளில் குடைபோலத் தட்டையாக விரிந்து நிற்கும் உடைமரம் இந்த மாவட்டத்தின் முகம் என்றே சொல்லலாம். முள் காரணமாக வீட்டருகே அதை யாரும் வைப்பதில்லை என்பது வேறு. வேம்பு கடலைப் பார்த்த முன்வரிசையில் துளிர் கருகி நிற்கும், இரண்டாம் வரிசையில் தழைக்கும்.

வரிசை என்ற சொல் இங்கே முக்கியமானது. கடலோரத்தில் ஒற்றை மரம் காற்றைத் தடுக்காது, அடுக்குதான் தடுக்கும். இயற்கையான மணற்கரையைப் பார்த்தால் அந்த அடுக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். அலையை ஒட்டி அடம்பங்கொடியும் இராவணன் மீசை என்ற முள்புல்லும் மணலைப் பிடித்து நிறுத்தும். (சேதுக்கரையின் எதிரே இலங்கை இருக்க, மீசை இக்கரையிலும் வளர்வதைப் பற்றி நம் கதைசொல்லிகள் ஏதும் சொல்லாமல் விட்டது வியப்புத்தான்.) அவற்றின் பின்னே தாழை, அதன் பின்னே உகாவும் பூவரசும், அப்புறம் புன்னை என்று உயரம் ஏறிக்கொண்டே போகும். காற்று இந்தச் சரிவில் மேலேறி வீட்டைக் கடந்து போகும். செங்குத்தான மதிலில் மோதினாலோ தாண்டிச் சுழன்று உள்ளே விழும். மனையைச் சுத்தம் செய்கிறோம் என்று முதல் வேலையாக அடம்பையும் மீசைப் புல்லையும் பொக்லைன் வைத்துச் சீவிவிட்டு, பிறகு மரம் பிடிக்கவில்லை என்று வருந்துகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியைச் சொன்னவர்கள் மணலைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பைன் வளர்ப்பவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. விதையை அருகிலுள்ள தாய்மரத்திலிருந்தே எடு, பெரிய மரத்தை வாங்காதே, சிறு கன்றை நடு, தாய்மரத்து மண்ணில் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்பவை அவர்கள் முறைகள். புன்னைக்கும் அப்படியே செய்யலாம். கடலோரக் கோயில் வளாகத்திலோ தோப்பிலோ நன்றாக நிற்கும் புன்னையின் அடியில் விழுந்த கொட்டைகளைப் பொறுக்கி, மேல்தோலை உரித்து, உள்ளே பருப்பு அடிபடாமல் ஓட்டை இலேசாக விரிசல் விடச் செய்து மணலில் பதித்தால் சில வாரங்களில் முளைக்கும். ஓடு உடைக்காமல் பதித்தால் இரண்டு மாதம்வரை பொறுத்திருக்க வேண்டும். தாய்மரத்தின் அடிமண் ஒரு பிடியைப் பையில் கலந்துவிட்டால் வேர்த்துணைகளும் கூடவே வந்துவிடும். ஒன்றரை, இரண்டு அடி உயரக் கன்றே நடுவதற்குச் சிறந்தது. எட்டடி மரமாக வாங்கி வந்து வைத்தால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் முதல் கச்சான் காற்றிலேயே ஆடி ஆடி வேர் தளர்ந்துபோகும்.

நடும் காலம் ஐப்பசி. ஒரு மழை தரையை நனைத்த பிறகு, இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, தோண்டிய மணலோடு கண்மாய்க் கரம்பையும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். கரம்பை எடுத்த கண்மாய் உவர்க் கண்மாயாக இருந்தால் அதைத் தொடக்கூடாது. தேங்காய் நார்க்கழிவு போடுவதாக இருந்தால் நன்னீரில் பலமுறை அலசிய பிறகே போட வேண்டும். உப்புநீரில் ஊறிய மட்டையின் கழிவென்றால் அது உப்பையும் சேர்த்தே கொண்டுவரும். குழியின் சுற்றுத் தரையைவிடக் கன்றின் கழுத்து தாழ்ந்துவிடக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி வைக்க வேண்டும், ஏனெனில் முதிர்ந்த புன்னை அகலமாக விரியும். கடற்காற்றில் ஒருபக்கம் சாய்வதும் அதன் இயல்பு.

எந்தக் காற்றிலிருந்து கன்றைக் காப்பது என்பது மனை எந்தக் கடலைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பாக் நீரிணைக் கரையில் வாடைக்காற்றுதான் நேராக அடிக்கும். ஆனால் அது மழையோடு வருவதால் கன்றை வாட்டுவதில்லை. ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாக் கரையில் வைகாசி முதல் ஆவணிவரை வீசும் கச்சான் காற்று மழையின்றி மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வரும். கன்று சாவதென்றால் பெரும்பாலும் அப்போதுதான் சாகும். மண்டபமும் இராமேஸ்வரமும் இரண்டு கடலுக்கும் இடையில் கிடப்பதால் இரண்டையும் வாங்கும். பனையோலை அல்லது தென்னங்கீற்றுத் தட்டியைத் தென்மேற்கில், கன்றைவிட ஓரடி உயரமாக, இடைவெளியோடு கட்ட வேண்டும். முழுக்க அடைத்த தகரம் வேண்டாம். காற்று சல்லடையில் வடிவதுபோல வேகம் குறைந்து உள்ளே வந்தால் போதும்.

நீர் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தக் கரையில் மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின் மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. தனுஷ்கோடியில் இன்றும் கையால் ஊற்றுத் தோண்டினால் குடிக்கத்தக்க நீர் வருவதும், அருகிலேயே ஆழக்குழாய் இறக்கினால் உவர்ப்பு வருவதும் இதனால்தான். ஆகவே ஆழ்குழாய் நீரைக் கன்றுக்குப் பாய்ச்சுவதைவிட, கன்றின் அருகே மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து வாரம் இருமுறை நல்ல நீரால் நிரப்புவது மேல். பானையின் சுவர் வழியாகக் கசிவது வேருக்கு நேரே போய்ச்சேரும்; மேலே ஆவியாகி உப்புப் படியாது. சுற்றிலும் காய்ந்த புல்லோ சருகோ நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, வெள்ளாடு வாய் வைக்காதபடி முள் அடைக்க வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகள் புன்னை பெரிதாக ஏறாது. அந்தக் காலத்தில் அதைப் பிடுங்கிவிட்டுச் சவுக்கு வைத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. வேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொறுத்திருந்தால், மூன்றாம் கோடைக்குப் பிறகு பானை நீரைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். அப்போது மரத்துக்கு வடிவம் கொடுக்கிறோம் என்று கீழ்க்கிளைகளை வெட்டிவிடக் கூடாது. தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் அந்தக் கிளைகள்தான் கச்சானில் பறந்து வரும் மணலைப் பிடித்து, அடியில் சிறு மேடாக்கி, வேரை மூடி வைக்கின்றன.